யூரிக் ஆசிட் 7.9, வலி ஒண்ணும் இல்ல. மாத்திரை போடணுமா?

மே 3, காலை (கேள்வி)

வயசு 41. வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற ரத்த டெஸ்ட்ல யூரிக் ஆசிட் 7.9னு வந்திருக்கு, பக்கத்துல கொட்டை எழுத்துல "ஹை". மூட்டு வலி, வீக்கம் இதுவரைக்கும் எதுவும் கிடையாது. யூரிக் ஆசிட்ங்கிறது ஒடம்புக்கு வேண்டாத வெறும் கழிவு, கறி பருப்பு கீரை தக்காளி எல்லாத்தையும் நிறுத்தினா தானா இறங்கிடும்ங்கிறாங்க ஆபீஸ்ல. நிறுத்திட்டேன். மாத்திரையும் ஆரம்பிச்சிடலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மே 3, இரவு

கௌட்டோட பல வருஷமா குடித்தனம் நடத்துறவன் நான், டாக்டர் இல்ல, அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

7.9 ஒரு நம்பர். அது வியாதி இல்ல. யூரேட் (யூரிக் ஆசிட் ரத்தத்துல சுத்துற உப்பு வடிவம்) படிகமாகி மூட்டுக்குள்ள உட்கார்ந்து, அதைப் பார்த்து ஒடம்பு எகிறினா அதுதான் கௌட். 37 டிகிரி சூட்டுல ஒரு டெசிலிட்டர்ல 6.8 மில்லிகிராம் வரைக்கும்தான் யூரேட் கரைஞ்சு நிக்கும்னு கணக்கு. அதுக்கு மேல போனா படிகம் விழலாம். "விழலாம்"தான், விழுந்தே தீரணும்னு இல்ல. தேன் பாட்டில் அடியில சில வீட்ல உறையுது, சில வீட்ல வருஷக்கணக்கா உறையாம நிக்குது இல்ல, அந்தக் கதை. 1987ல வந்த ஒரு ஆய்வுல ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆம்பளைங்களை சுமார் 15 வருஷம் கவனிச்சாங்க. 9க்கு மேல இருந்தவங்கள்ல வருஷத்துக்கு 4.9 சதவீதம் பேருக்கு கௌட் வந்துச்சு, 7ல இருந்து 8.9 வரைக்கும் இருந்தவங்கள்ல வருஷத்துக்கு 0.5 சதவீதம். நீங்க ரெண்டாவது கும்பல்ல இருக்கீங்க. இந்த வருஷம் உங்களுக்கு வராம இருக்கத்தான் வாய்ப்பு ரொம்ப ரொம்ப ஜாஸ்தி.

அடுத்தது அந்த "வெறும் கழிவு". கழிவுன்னா கிட்னி ஏன் அதைத் திரும்ப உள்ள இழுக்குது? வடிகட்டி வெளிய போற யூரேட்ல கிட்டத்தட்ட 90 சதவீதத்தை கிட்னி மறுபடி ரத்தத்துக்கே அனுப்புது. யூராட்1, குளூட்9னு அதுக்குன்னே ரெண்டு புரதத்தை ஆள் போட்டு வச்சிருக்கு, யூராட்1 எதுன்னே 2002லதான் கண்டுபிடிச்சாங்க. யூரியாவையும் கிட்னி ஓரளவு திரும்ப எடுக்குதுதான், ஆனா இந்தப் பாசம் அதுக்குக் கிடையாது. யூரிக் ஆசிட் அதிகமா இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு உற்பத்தி ஜாஸ்தி இல்ல, வெளியேத்துறதுதான் கம்மி. அதுல பாதி அப்பா அம்மா குடுத்த ஜீன்.

சாப்பாடு? ஒடம்புல ஒரு நாள்ல உண்டாகுற யூரிக் ஆசிட்ல மூணுல ஒரு பங்குதான் சாப்பாட்டுல இருந்து வருது. மீதி நம்ம செல்லுங்களோட டிஎன்ஏ, ஆர்என்ஏ, ஏடிபி (செல்லுக்கு சக்தி குடுக்கிற பொருள்) உடைஞ்சு வர்றது. நீங்க பச்சைத் தண்ணி மட்டும் குடிச்சாலும் அது வந்துக்கிட்டேதான் இருக்கும். கடுமையா பத்தியம் இருந்தாக்கூட 1 பாயின்ட் இறங்கினா பெரிசு.

மே 4

பருப்பையும் கீரையையும் திரும்ப ஆரம்பிங்க சார், பாவம் அதுங்க என்ன பண்ணிச்சு. 2004ல 47,000 ஆம்பளைங்களை 12 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வுல கறியும் கடல் மீனும் அதிகம் சாப்பிட்டவங்களுக்கு கௌட் அதிகம் வந்துச்சு, ப்யூரின் (உடைஞ்சா யூரிக் ஆசிட்டா மாறுற பொருள்) நிறைய இருக்கிற காய்கறி, பயறு சாப்பிட்டவங்களுக்கு அப்படி எதுவும் தெரியல, பால் பொருள் சாப்பிட்டவங்களுக்கு குறைவாவே வந்துச்சு. தக்காளியில ப்யூரினே ரொம்பக் கம்மி. நீங்க நிறுத்தின லிஸ்ட்ல கறி தவிர மத்ததெல்லாம் வாட்ஸ்அப் புண்ணியம்.

ஈரல், கிட்னி மாதிரி உள்ளுறுப்பு கறியும் நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீனும்தான் ப்யூரின்ல உச்சம். அதுங்களைக் குறைச்சா தப்பில்ல.

மே 4, ராத்திரி தூக்கம் வரல

கழிவுன்னு நேத்து வந்த பேச்சு இன்னும் மண்டைக்குள்ளயே ஓடுது. மத்த பாலூட்டிங்களுக்கு யூரிகேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. யூரிக் ஆசிட்டை அலன்டாயினா மாத்திடும், அது தண்ணில சுலபமா கரையும், ஒண்ணுக்கோட போயிடும். அதனால அதுங்களுக்கு ரத்தத்துல 1, 2ன்னுதான் இருக்கும். நமக்கும் நம்ம சொந்தக்காரக் குரங்குங்களுக்கும் அந்த ஜீன் செத்துப்போச்சு, சுமார் ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி. செத்த ஜீன் இன்னும் நம்ம டிஎன்ஏல அப்படியே கிடக்குது, வேலை மட்டும் செய்யாது. கிப்பன் குரங்கு கிளையில அது தனியா வேற விதத்துல செத்திருக்கு. 2014ல பழங்கால யூரிகேஸை லேப்ல திரும்ப உருவாக்கிப் பார்த்தாங்க, திடீர்னு ஒரு நாள்ல போகல, முன்னோர்கள் காலத்துலயே கொஞ்சம் கொஞ்சமா வேகம் குறைஞ்சுக்கிட்டு வந்து கடைசியில நின்னிருக்கு. ரெண்டு கிளையில தனித்தனியா தொலைஞ்சும் ரெண்டும் பிழைச்சிருக்குன்னா, தொலைஞ்சதுல ஏதோ லாபம் இருந்திருக்கணும்னு நெறைய பேர் நினைக்கிறாங்க.

என்ன லாபம்? அங்கதான் சண்டை. 1981ல வந்த ஒரு கருத்து, யூரிக் ஆசிட் நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட், அதுக்கும் ரொம்ப முன்னாடியே வைட்டமின் சி தயாரிக்கிற ஜீனை நம்ம முன்னோர் தொலைச்சிட்டாங்க, அந்த இடத்தை இது நிரப்புதுன்னு. இன்னொரு கூட்டம், உப்பு கிடைக்காத காலத்துல ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க உதவிச்சுங்குது. மூணாவது, பழம் சாப்பிட்டு கொழுப்பு சேர்த்து பஞ்ச காலத்தைத் தாண்ட உதவிச்சுன்னு. எனக்கு மூணாவதுதான் பிடிச்சிருக்கு, ஏன்னு பின்னாடி எழுதுறேன், ஆனா பிடிச்சிருக்குன்னா நிரூபிச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல. இன்னொரு குழப்பம், ரத்தத்துல ஆன்டிஆக்ஸிடன்ட்டா இருக்கிற அதே ஆசாமி செல்லுக்குள்ள போனா எதிர் வேலை செய்யுது.

மே 5

பறவைகளைப் பத்தி ஒருத்தர் கேட்டாரு. ஆமா, பறவை, பல்லி, பாம்புக்கெல்லாம் யூரிக் ஆசிட்தான் முக்கியமான நைட்ரஜன் கழிவு. அங்க வேணா கழிவுன்னு தாராளமா சொல்லுங்க. காக்கா எச்சத்துல வெள்ளையா இருக்கிறதும், சுவத்துப் பல்லி போட்டதோட நுனியில வெள்ளைப் புள்ளி ஒண்ணு இருக்குமே அதுவும் யூரிக் ஆசிட். தண்ணி செலவே இல்லாம கெட்டியா வெளிய தள்ளலாம், முட்டை ஓட்டுக்குள்ள வளர்ற குஞ்சுக்கு அது ரொம்ப வசதி, யூரியாவா இருந்தா தன் கழிவுலயே தானே ஊறணும்.

அதுங்களுக்கும் கௌட் வரும். டைரனோசரஸ் எலும்புல கௌட் அரிச்ச தடம் இருக்குன்னு 1997ல நேச்சர்ல ஒரு கட்டுரையே வந்துச்சு. கறியை நிறுத்துங்கன்னு அதுகிட்ட யார் போய் சொல்றது.

மத்த பாலூட்டிங்களுக்கு யூரிக் ஆசிட் கம்மின்னேனே, நாய்ல டால்மேஷன் அதுக்கு ஒரு விதிவிலக்கு. என்சைம் இருக்கு, ஆனா யூரிக் ஆசிட்டை கல்லீரல் செல்லுக்குள்ள கொண்டு போற டிரான்ஸ்போர்ட்டர் கெட்டுப்போச்சு, அதனால ஒண்ணுக்குல நிறைய போயி கல்லு கட்டும். நமக்கு குளூட்9ங்கிற பேர்ல இருக்கிற அதே ஜீன்.

மே 7

"ஆசிட் ஏறிடுச்சு, ரத்தமே புளிச்சுப் போச்சு, சோடா உப்பு கலந்து குடிங்க"ன்னு கீழ ஒருத்தர். ரத்தத்தோட பிஎச் 7.4 பக்கம் கச்சிதமா நிக்கும், யூரிக் ஆசிட் 4 இருந்தாலும் 10 இருந்தாலும். அந்த பிஎச்ல அது ஆசிட்டாவே இருக்காது, 98 சதவீதத்துக்கு மேல சோடியம் யூரேட்டாத்தான் சுத்துது. மாறக்கூடியது சிறுநீரோட பிஎச். அது 5.5க்குக் கீழ இருந்தா யூரிக் ஆசிட் கரையாம கல்லாகும், அதுக்கு டாக்டர் பொட்டாசியம் சிட்ரேட் குடுப்பாங்க, அந்தக் கல்லு மருந்துலயே கரையக் கூடியது, சாதா எக்ஸ்ரேல தெரியவும் செய்யாது. அது கல்லுக்கான வைத்தியம். மூட்டுக்குள்ள இருக்கிற படிகத்துக்கு சோடா உப்பு ஒண்ணும் பண்ணாது, பிபி இருக்கிறவங்களுக்கு சோடியம் ஏறுறதுதான் மிச்சம்.

மே 8

பிடிச்ச சப்ஜெக்ட், நீளமா போகும்.

யூரிக் ஆசிட்னாலே எல்லாரும் கறியைப் பார்க்கிறாங்க, கூல் டிரிங்க்ஸை யாரும் பார்க்கிறதில்ல. அதுல ப்யூரின் சுத்தமா கிடையாது. ஆனாலும் ஏத்தும். எப்படின்னா, குளுக்கோஸ் கல்லீரலுக்குள்ள போனா செல்லு கையிருப்பைப் பார்த்து நடுவுல பிரேக் போட இடம் இருக்கு. ஃப்ரக்டோஸுக்கு அந்த பிரேக் இல்ல. ஃப்ரக்டோகைனேஸ்னு ஒரு என்சைம், வந்த ஃப்ரக்டோஸ் ஒவ்வொண்ணுக்கும் ஏடிபில இருந்து ஒரு பாஸ்பேட்டை உருவி ஒட்டிக்கிட்டே இருக்கும், நிறுத்தாது. ஏடிபி மளமளன்னு கரையும், பாஸ்பேட் எல்லாம் ஃப்ரக்டோஸ்ல மாட்டிக்கும், ஏடிபி உடைஞ்ச மிச்சமான ஏஎம்பி குவியும். சாதாரணமா பாஸ்பேட் இருக்கிற வரைக்கும் ஏஎம்பியை உடைக்கிற என்சைம் அடங்கிக் கிடக்கும், பாஸ்பேட் குறைஞ்சதும் அது கட்டவிழ்த்துக்கும். ஏஎம்பி ஐஎம்பி ஆகி, ஐனோசின் ஆகி, ஹைப்போசாந்தின் ஆகி, அங்க சாந்தின் ஆக்ஸிடேஸ்ங்கிற என்சைம் உட்கார்ந்திருக்கு, அது சாந்தினாக்கி அப்புறம் யூரிக் ஆசிட்டாக்கிடும். அதாவது நீங்க சர்க்கரைத் தண்ணி குடிக்கிறீங்க, கல்லீரல் தன்னோட சொந்த ப்யூரினை உடைச்சுக் கொட்டுது. ரத்தக்குழாய்ல ஃப்ரக்டோஸ் ஏத்தினா சீக்கிரமே யூரிக் ஆசிட் ஏறுதுன்னு 1967லயே லான்செட்ல எழுதிட்டாங்க.

2008ல அதே மாதிரி பெரிய ஆம்பளைங்க கூட்டத்துல, சர்க்கரை போட்ட கூல் டிரிங்க்ஸ் ஒரு நாளைக்கு ரெண்டு அதுக்கு மேல குடிச்சவங்களுக்கு கௌட் ஆபத்து 85 சதவீதம் ஜாஸ்தின்னு வந்துச்சு. டயட் டிரிங்க்ஸுக்கு அந்தத் தொடர்பு இல்ல. முழுப் பழத்தைக் கடிச்சு சாப்பிடுறதுல கிடைக்கிற ஃப்ரக்டோஸ் கம்மி, மெதுவாவும் போகும், அதுக்குன்னு பழத்தை விட வேண்டியதில்ல. ஜூஸ் வேற விஷயம், ஒரு டம்ளர்ல நாலு பழம் இறங்கிடும்.

பழம் தின்னு பஞ்சத்தைத் தாண்டின கதை எனக்குப் பிடிச்சதுக்குக் காரணம் இந்த வழிதான். ஏடிபி குறையுற அந்த நேரத்துல செல்லு எரிக்கிறதைக் குறைச்சு கொழுப்பு சேர்க்கிற பக்கம் சாயுதுங்கிறாங்க, யூரிக் ஆசிட்டே அதைத் தூண்டுதுன்னு எலியில காட்டியிருக்காங்க. மனுஷங்ககிட்ட அந்த அளவுக்குத் தெளிவு இல்ல.

சாராயம் மூணு பக்கமும் இடிக்கும். அது எரியும்போதும் ஏடிபி உடையும். லாக்டேட் ஏறும், லாக்டேட் யூராட்1 வழியா யூரேட்டை உள்ள இழுக்க வைக்கும், வெளிய போறது குறையும். பீர்ல மட்டும் எக்ஸ்ட்ராவா ப்யூரினும் உண்டு. ஒயினுக்கு பீர் அளவுக்குக் கெட்ட பேர் இல்ல, அதுக்காக மருந்துன்னு நினைச்சுக் குடிக்க வேணாம்.

மே 8, அஞ்சு நிமிஷம் கழிச்சு

"அப்போ ராவா அடிச்சா பீரை விட நல்லதா"ன்னு கேட்ட அண்ணே, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். இல்ல.

மே 10

முன்னாடி எழுதினதுல ஒண்ணைக் கூர்மையாக்கணும். வருஷத்துக்கு 0.5 சதவீதம்னு சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு "அப்போ கவலையே இல்ல"ன்னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. வருஷங்கள் சேரும். 2018ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க, 15 வருஷத்துல கௌட் வந்தவங்க, 6க்குக் கீழ இருந்தவங்கள்ல 1.1 சதவீதம், 10க்கு மேல இருந்தவங்கள்ல 49 சதவீதம். இதை ரெண்டு பக்கமும் படிக்கலாம். 10 இருந்தும் பாதிப் பேருக்கு 15 வருஷமா ஒண்ணும் ஆகல. அதே நேரம், 10 இருந்தா சும்மா விடுற நம்பரும் இல்ல அது.

வலி இல்லாம நம்பர் மட்டும் ஏறினவங்களுக்கு மாத்திரை குடுத்தா கிட்னியும் இதயமும் தப்பிக்குமான்னு பெரிய ஆசை இருந்துச்சு, எனக்கும். 2020ல ரெண்டு டிரையல், கிட்னி கெடுறதை அலோபுரினால் (யூரிக் ஆசிட்டை இறக்குற மாத்திரை) தடுக்குமான்னு பார்த்தாங்க, தடுக்கல. 2022ல இதய நோய் இருந்து கௌட் இல்லாதவங்களுக்கு அலோபுரினால் குடுத்துப் பார்த்தாங்க, மாரடைப்பு, பக்கவாதம், சாவு எதுவும் குறையல. ஜீன் வச்சுப் பார்த்த ஆய்வுகளும் அதே கதைதான், யூரிக் ஆசிட்டை ஏத்துற ஜீன் கௌட்டை நல்லாவே கொண்டு வருது, சர்க்கரை வியாதிக்கும் இதய நோய்க்கும் அந்த மாதிரி தெளிவான நேர்த் தொடர்பு தெரியல. அமெரிக்க ருமட்டாலஜி சங்கம் 2020ல சொன்னதும், அறிகுறி இல்லாத வெறும் நம்பருக்கு பொதுவா மாத்திரை வேணாம்னுதான்.

அப்போ அந்த நம்பருக்கு அர்த்தமே இல்லையா? இருக்கு. இன்சுலின் ஜாஸ்தியா சுத்துறப்போ கிட்னி யூரேட்டை இன்னும் அதிகமா உள்ள இழுக்கும். வயித்தைச் சுத்தி சதை, ட்ரைகிளிசரைடு, பிபி, கல்லீரல் கொழுப்பு, இதுங்களோட கூடவே யூரிக் ஆசிட்டும் ஏறுறது அதனாலதான். 7.9 வந்த ரிப்போர்ட்ல மத்த பக்கங்களைத் திருப்பிப் பாருங்க. சாப்பிடாம எடுத்த சுகர், எச்பிஏ1சி, ட்ரைகிளிசரைடு, கிரியேட்டினின். அங்கதான் வேலை இருக்கும். என் நம்பர் அதிகமா இறங்கினது எடை குறைஞ்சப்போதான், கறியை விட்டப்போ இல்ல.

மே 11

கீட்டோ ஆரம்பிச்ச மாசமே 6.5ல இருந்து 8.8 ஆயிடுச்சு, கறி சாப்பிட்டதாலயான்னு ஒரு மேடம் கேட்டிருக்காங்க. கறி ஒரு காரணமா இருக்கலாம், ஆனா ஒண்ணுமே சாப்பிடாம பட்டினி கிடந்தாலும் ஏறும் மேடம். கொழுப்பு எரியும்போது வர்ற கீட்டோன் ரத்தத்துல ஏறினா அதுவும் லாக்டேட் பண்ற அதே வேலையைப் பண்ணும், யூரேட் வெளிய போறது குறையும். வாரக்கணக்குல ஒடம்பு பழகினதும் பெரும்பாலும் இறங்கிடும். ஏற்கனவே கௌட் இருக்கிறவங்க நீண்ட பட்டினி, திடீர் டயட் எல்லாம் டாக்டர்கிட்ட சொல்லாம இறங்க வேணாம். எடையை மெதுவா குறைச்சா அது நல்லது பண்ணும், வேகமா குறைச்சா அதுவே அட்டாக்கைக் கூட்டிக்கிட்டு வரும்.

மே 13

எனக்கு வந்தது எப்படின்னு கேட்டீங்க. முதல் தடவை வலது கால் பெருவிரல், நிறைய பேருக்கு முதல்ல வர்ற இடம். ராத்திரி படுக்கும்போது நல்லாத்தான் இருந்தேன், விடியிறதுக்கு முன்னாடி விரலோட அடிக்கணு செவந்து பளபளன்னு, தோலு இழுத்துக் கட்டின மாதிரி. மின்விசிறிக் காத்து அது மேல படுறதே வலிச்சுது. மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியா இறங்கினேன், வலது காலை தூக்கிப் பிடிச்சுக்கிட்டே. ஏன் பெருவிரல்னா ஒடம்புலயே சூடு கம்மியான இடங்கள்ல ஒண்ணு, சூடு குறைஞ்சா யூரேட் கரையுறதும் குறையும், தேய்மானமும் அங்க அதிகம். ராத்திரியில ஏன்னா ஒடம்புல தண்ணி குறையுது, கார்ட்டிசாலும் அடியில கிடக்குது, அந்த நேரம்தான் அதுக்கு வசதி.

பெருவிரலைப் பத்தி எல்லாரும் சொல்லுவாங்க, நான் சொல்ல வந்தது முட்டி. அடுத்த வருஷம் முட்டி வீங்கிச்சு. கொஞ்சம் காய்ச்சலும் இருந்ததால டாக்டரம்மா இது கிருமித் தொற்றா இருந்துடக் கூடாதுன்னு ஊசி போட்டு நீர் எடுத்தாங்க. தெளிவா இருக்க வேண்டிய நீர், கலங்கி மஞ்சளா வந்துச்சு. ஒரு சொட்டை கண்ணாடித் துண்டுல வச்சு, போலரைஸ்டு லைட் மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டு "வந்து பாருங்க"ன்னாங்க. ரோஸ் கலர் பின்னணியில ஊசி ஊசியா. சிலது பளீர் மஞ்சள், சிலது நீலம். மேடையை அவங்க மெல்லத் திருப்பினாங்க, மஞ்சளா இருந்த ஊசி நீலமாச்சு, நீலம் மஞ்சளாச்சு. ஒரு வெள்ளை அணு ஒரு ஊசியை முழுங்கப் பார்த்து, ரெண்டு முனையும் வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. யூரேட்னா ஒரு குறிப்பிட்ட திசையில மஞ்சள், கால்சியம் பைரோபாஸ்பேட்னா அதே திசையில நீலம், அது போலி கௌட், வைத்தியமும் வேற. இந்த சோதனை 1961ல இருந்துதான் வழக்கத்துக்கு வந்துச்சு. ஆனா கௌட் கட்டிக்குள்ள ஊசி ஊசியா இருக்குன்னு லேவன்ஹுக் தன்னோட சின்ன லென்ஸ்ல 1679லயே பார்த்து எழுதிட்டாரு, யூரிக் ஆசிட்னு ஒண்ணு இருக்குன்னே அப்போ யாருக்கும் தெரியாது, ஷீலே அதை மூத்திரக் கல்லுல இருந்து பிரிச்சது 1776ல.

அந்த ஊசியை முழுங்கின செல்லுக்குள்ள என்ன நடக்குதுன்னு 2006ல தெளிவாச்சு. என்எல்ஆர்பி3ன்னு ஒரு அலாரம் செட்டு உள்ள இருக்கு, படிகம் அதைத் தட்டி விடுது, ஐஎல்-1 பீட்டா வெளிய கொட்டுது, அதைப் பார்த்து மத்த வெள்ளை அணுக்கள் படையா வருது. வலி முழுக்க நம்ம படை பண்றது. படிகம் பாட்டுக்கு சும்மா உட்கார்ந்திருக்கு.

மே 14

ஒருத்தருக்கு அட்டாக் நடக்கும்போது எடுத்த ரத்தத்துல 5.8 வந்துச்சு, அதனால கௌட் இல்லன்னு லேப்ல சொன்னாங்களாம். லேப் அதைச் சொல்லக் கூடாது. அட்டாக் நேரத்துல கிட்னி யூரேட்டை அதிகமா வெளிய விடும், நம்பர் நார்மலா காட்டுறது சகஜம். அடங்கி ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப எடுங்க. ஆனா ஒரே மூட்டு சூடா வீங்கி காய்ச்சலும் இருந்தா நம்பரைப் பத்தி யோசிச்சுக்கிட்டு உட்காராதீங்க, அன்னிக்கே போய்க் காட்டுங்க, சீழ் பிடிச்ச மூட்டும் இப்படித்தான் இருக்கும்.

மே 16

"அலோபுரினால் போட்டதும் அட்டாக் அடிக்கடி வருது, தூக்கிப் போட்டுட்டேன்." இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டாச்சு. ரத்தத்துல யூரேட் இறங்கினா மூட்டுல பல வருஷமா படிஞ்சிருந்த படிகம் கரைய ஆரம்பிக்கும், கரையுறப்போ உதிர்ந்து வெளிய தலை காட்டும், படை திரும்ப கிளம்பும். மருந்து வேலை செய்யுறதோட அடையாளம் அது. அதனாலதான் 100 மில்லிகிராம் இல்ல அதுக்கும் கம்மியில ஆரம்பிச்சு, மெதுவா ஏத்தி, முதல் 3ல இருந்து 6 மாசம் கூடவே அட்டாக்கைத் தடுக்க சின்ன டோஸ் கோல்ச்சிசின் குடுக்கிறாங்க. குறி 6க்குக் கீழ, யூரேட் சேர்ந்து கட்டி விழுந்தவங்களுக்கு 5க்குக் கீழ. 100லயே வருஷக்கணக்கா நிறுத்தி வச்சுட்டு மருந்து வேலை செய்யலங்கிறது நிறைய நடக்குது.

நிஜமா நிறுத்த வேண்டிய சமயமும் இருக்கு. தோல்ல தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தா அந்த நிமிஷமே நிறுத்திட்டு ஓடுங்க. அபூர்வம்தான், வந்தா உயிருக்கே ஆபத்து. எச்எல்ஏ-பி*5801ங்கிற ஜீன் வகை இருக்கிறவங்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு, ஹான் சீனர், தாய்லாந்துக்காரங்ககிட்ட அது அதிகம், அவங்களுக்கு முதல்லயே டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க.

இந்த மாத்திரையோட பிறப்பே தமாஷ். கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் இதை கௌட்டுக்காக செய்யல. 6-மெர்காப்டோப்யூரின்னு ஒரு ரத்தப் புற்றுநோய் மருந்தை சாந்தின் ஆக்ஸிடேஸ் உடைச்சுக்கிட்டே இருந்துச்சு, அதைத் தடுத்து மருந்தைக் காப்பாத்தத்தான் பார்த்தாங்க. கூடவே யூரிக் ஆசிட்டும் விழுந்துச்சு. 1966ல அமெரிக்காவுல கௌட்டுக்கு அனுமதி, 1988ல நோபல் (இது ஒண்ணுக்காக மட்டும் இல்ல). அந்தப் பழைய உறவு இன்னும் விடல. அசதியோப்ரின் (நோய் எதிர்ப்பை அடக்குற மருந்து, ஒடம்புக்குள்ள 6-மெர்காப்டோப்யூரினா மாறும்) சாப்பிடுறவங்களுக்கு தெரியாம அலோபுரினாலையும் சேர்த்துக் குடுத்தா, அந்த மருந்து ஒடம்புல தேங்கி எலும்பு மஜ்ஜையை அடிச்சுப் போட்டுடும். ரெண்டு சீட்டும் ரெண்டு டாக்டர்கிட்ட இருக்கிறவங்க கவனம்.

யூரிக் ஆசிட்டை இறக்குற இன்னொரு மாத்திரை ஃபெபுக்ஸோஸ்டாட் பத்தி: 2018ல ஒரு டிரையல்ல இதயச் சாவு கொஞ்சம் ஜாஸ்தின்னு வந்துச்சு, 2020ல இன்னொரு பெரிய டிரையல்ல அப்படி இல்லன்னு வந்துச்சு. இதய நோய் இருந்தா டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க. இதுல என் கருத்துக்கு மதிப்பு இல்ல.

மே 19

கம்மியா இருந்தா நல்லதுன்னு 2க்கு கொண்டு வரப் போறேங்கிறவருக்கு. பிறவியிலயே யூராட்1 கெட்டுப்போய் 1க்கும் கீழ இருக்கிறவங்க உண்டு, ஜப்பான்ல அதிகம். பெரும்பாலானவங்க நல்லாத்தான் இருக்காங்க, ஆனா கடும் உடற்பயிற்சிக்கு அப்புறம் சிலருக்கு கிட்னி திடீர்னு மடங்கிடுது. பார்க்கின்சன் வந்தவங்களுக்கு யூரிக் ஆசிட் கம்மியா இருக்குன்னு பார்த்து, சரி ஏத்தித்தான் பார்ப்போமேன்னு ஐனோசின் குடுத்து டிரையல் பண்ணினாங்க, 2021ல முடிவு வந்துச்சு, நோய் வேகம் குறையல, கிட்னிக் கல்லுதான் ஜாஸ்தியாச்சு. ஏத்தியும் பார்த்தாச்சு, இறக்கியும் பார்த்தாச்சு, கௌட்டையும் கல்லையும் விட்டா இந்த நம்பரைத் திருகி எதையும் சரி பண்ண முடிஞ்சதா இதுவரைக்கும் காட்ட முடியல.

மே 22

கேள்வி கேட்டவர் இன்னிக்குத்தான் சொல்றாரு, பிபிக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் கலந்த மாத்திரை சாப்பிடுறாராம். சார்! இதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் டைரனோசரஸ் வரைக்கும் போயிருக்க மாட்டேன். அந்த வகை நீர் பிரிக்கிற மாத்திரை யூரிக் ஆசிட்டை ஏத்தும், நல்லாத் தெரிஞ்ச விஷயம். சின்ன டோஸ் ஆஸ்பிரினும் ஏத்தும், காசநோய்க்குக் குடுக்கிற பைரசினமைடும் ஏத்தும். லோசார்டன் பிபிக்கும் ஆச்சு, யூராட்1ஐயும் கொஞ்சம் தடுக்கும், அதனால லேசா இறக்கும். நீங்களா மாத்தாதீங்க, ஆஸ்பிரினை இதயத்துக்காகப் போடுறவங்க நிறுத்தவே நிறுத்தாதீங்க. பிபி டாக்டர்கிட்ட அடுத்த தடவை போகும்போது "யூரிக் ஆசிட் 7.9 இருக்கு, இந்த மாத்திரைக்கு மாத்து இருக்கா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, போதும்.

மே 23

கண்வலிக் கிழங்கை இடிச்சு சாப்பிட்டா கௌட் போயிடும்னு ஒரு பதிவு ஓடுதாம். செங்காந்தள் செடியோட கிழங்குதான் அது, அதுல கோல்ச்சிசின் இருக்கிறது உண்மை. மாத்திரையில 0.5 மில்லிகிராம்னு அளந்து குடுக்கிறதே வயித்தால போக வைக்கும், கிழங்குல எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும். அந்தக் கிழங்கைத் தின்னு செத்தவங்க உண்டு. தொடாதீங்க.

மாத்திரையா சாப்பிடுறவங்களுக்கும் ஒண்ணு. சளி, நெஞ்சுத் தொற்றுக்கு கிளாரித்ரோமைசின் எழுதினா கோல்ச்சிசின் சாப்பிடுறேன்னு சொல்லிடுங்க. ரெண்டும் சேர்ந்தா கோல்ச்சிசின் ஒடம்புல தேங்கிடும், கிட்னி சரியில்லாதவங்க இதுல உயிரை விட்டிருக்காங்க. வேற ஆன்டிபயாடிக் குடுப்பாங்க, இல்ல கோல்ச்சிசினை நிறுத்தி வைக்கச் சொல்லுவாங்க.